‘20 சதவீதம் கூடுதல் மகசூல்’... எதைவிட? எத்தனை கிலோ?

துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் சதவீதத்தை வயல் கணக்காக மாற்றிப் பார்ப்பது எப்படி? ஒன்றேகால் ஏக்கரில் விவசாயியே செய்து பார்க்கக்கூடிய எளிய ஒப்பீட்டு முறை.

சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டத் தொடங்கியதும் உரக்கடை மேசைகளில் வண்ணத் துண்டுப் பிரசுரங்கள் வந்து சேரும். ஒரு பக்கம் வெளிறிய பயிர், மறுபக்கம் கதிர் முற்றித் தலைசாய்ந்த பயிர். கீழே கொட்டை எழுத்தில், ‘20 சதவீதம் கூடுதல் மகசூல்’. கடைக்கு யூரியா வாங்கப் போனவர், ஏக்கருக்கு ஒரு பாட்டில் என்று கணக்குப் போட்டு அதையும் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். பல நேரங்களில் அதுவும் கடன் கணக்கில்தான் ஏறுகிறது.

அறுவடை முடிந்ததும் “நல்லாத்தான் இருந்துச்சு” என்பார் ஒருவர். “ஒண்ணும் தெரியல” என்பார் அடுத்த வயல்காரர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மருந்து எத்தனை கிலோ கூட்டியது என்பதை இருவருமே அளக்கவில்லை. அளக்காத வரை அடுத்த பருவமும் அதே பாட்டில், அதே செலவு.

ஓர் இடுபொருள் பலன் தருகிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு பலன் தருகிறது என்பது இன்னொரு கேள்வி. புள்ளியியலில் இந்த இரண்டாவது கேள்விக்கான விடையை ‘விளைவின் அளவு’ என்கிறார்கள். விவசாயியின் கையில் பணம் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

எதைவிட 20 சதவீதம்?

சதவீதம் தனியாக நிற்காது. எதோடு ஒப்பிட்டது என்பது தெரியாமல் அதற்குப் பொருள் இல்லை.

போன வருடத்தோடு ஒப்பிட்டால், மருந்தோடு சேர்ந்து மழையும் மாறியிருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்துக்குப் பெய்த வருடத்தையும் பொய்த்த வருடத்தையும் பக்கத்தில் வைத்துவிட்டு, வித்தியாசம் முழுவதையும் பாட்டில் கணக்கில் எழுதுவது சரியல்ல.

பக்கத்து வயலோடு ஒப்பிட்டால், ரகம், நடவுத் தேதி, மண், தொழுவுரம் எல்லாமே வேறாக இருக்கும். புது மருந்தை முதலில் வாங்கித் தெளிப்பவர் பொதுவாக மற்ற வேலைகளையும் கவனமாகச் செய்பவராகவே இருப்பார். அவர் வயல் மருந்து இல்லாமலும் கூடுதலாகத்தான் விளைந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பயறு வகைகளுக்குப் பூக்கும் பருவத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது நெடுநாளாகப் பரிந்துரையில் உள்ளது. வளர்ச்சி ஊக்கியை இந்த டி.ஏ.பி. கரைசலோடு கலந்து தெளித்துவிட்டு, எதுவுமே தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டால், கூடிய மகசூலில் ஊக்கியின் பங்கு எது, டி.ஏ.பி.யின் பங்கு எது என்று பிரிக்க முடியாது. டி.ஏ.பி. மட்டும் தெளித்த பாத்தி ஒன்று அருகில் இருந்தால்தான் நியாயமான ஒப்பீடு.

படத்தில் காட்டப்படும் வயலையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இருபது வயல்களில் தெளித்துவிட்டு, நன்றாக வந்த ஒன்றை மட்டும் படம் எடுத்தால், அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் மீதிப் பத்தொன்பது வயல்கள் சொல்ல வந்தது நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

உண்மையான வித்தியாசமா? உபயோகமான வித்தியாசமா?

ஒரே வயலில், ஒரே ரகத்தை, ஒரே உரத்தோடு பயிரிட்டாலும் மடை ஓரம் ஒரு மகசூல், பள்ளத்தில் ஒரு மகசூல், வரப்பு நிழலில் ஒரு மகசூல் வரும். இது எல்லா விவசாயிக்கும் தெரிந்ததே. மண்ணின் இந்த இயல்பான ஏற்றத்தாழ்வையும் மருந்தின் பலனையும் எப்படிப் பிரிப்பது என்பதுதான் வேளாண் புள்ளியியலின் தொடக்கக் கேள்வி.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கோதுமை உரப் பரிசோதனை இன்றும் தொடர்ந்து நடக்கிறது. அங்கு சேர்ந்திருந்த பல்லாண்டு விளைச்சல் கணக்குகளை ஆராய 1919-ல் பணியில் சேர்ந்தவர் ஆர்.ஏ. ஃபிஷர். ஒவ்வொரு சிகிச்சையையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்ற இரண்டு விதிகளை அவர் உறுதியாக நிலைநாட்டினார். இன்று வேளாண் பல்கலைக்கழகங்களில் நடக்கும் வயல் ஆய்வுகள் இந்த அடிப்படையில்தான் அமைகின்றன.

ஆராய்ச்சி நிலைய அட்டவணைகளின் கடைசி வரியில் ‘சி.டி.’ என்று ஓர் எண் இருக்கும். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே குறைந்தது இத்தனை கிலோ வித்தியாசம் இருந்தால்தான், அது மண்ணின் ஏற்றத்தாழ்வால் தற்செயலாக வந்ததல்ல என்று ஓரளவு நம்பலாம் என்பது அதன் பொருள். எடுத்துக்காட்டாக, ஒரு ரகம் எக்டருக்கு 5,850 கிலோ, இன்னொன்று 5,620 கிலோ, சி.டி. 310 கிலோ என்று இருந்தால், 230 கிலோ வித்தியாசத்தை நம்பி முதல் ரகம்தான் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. சி.டி. எண்ணுக்குப் பதிலாக ‘என்.எஸ்.’ என்று போட்டிருந்தால், எந்தச் சிகிச்சைக்கும் இடையே அந்த ஆய்வு உறுதியான வித்தியாசத்தைக் காணவில்லை என்று அர்த்தம்.

ஆனால் சி.டி.யைத் தாண்டிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. பாத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் சி.டி. சுருங்கிக்கொண்டே வரும். அப்போது ஏக்கருக்கு 20 கிலோ வித்தியாசம்கூட ‘உறுதியானது’ என்று வந்துவிடும். அந்த 20 கிலோ உண்மைதான். ஆனால் 1,500 ரூபாய் செலவுக்கு 20 கிலோ நெல் கட்டுப்படியாகுமா?

இதை அன்றே கவனித்தவர் டப்ளின் நகரின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். பார்லி ரகங்களை ஒப்பிடும் வேலை அவருக்கு இருந்தது. 1908-ல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட முறைதான் இன்று ‘டி சோதனை’ என்று பாடத்தில் இருக்கிறது. ஒரு முடிவில் எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, அந்த முடிவால் வரும் பண லாபத்தையும் பரிசோதனைக்கு ஆகும் செலவையும் பொறுத்தது என்பது அவர் கருத்து. விவசாயியின் கணக்கும் அதுதான்.

கயிறு பிசகினால் கணக்கும் பிசகும்

விளைவின் அளவைப் பேசுவதற்கு முன் மகசூலைச் சரியாக அளக்க வேண்டும். நெல்லில் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் திடல் எடுக்கிறார்கள். அது 25 சதுர மீட்டர். ஓர் ஏக்கரில் இப்படி 162 திடல்கள் அடங்கும். ஆகவே திடலில் ஒரு கிலோ கூடுதலாக எடை போட்டுவிட்டால், ஏக்கர் கணக்கில் 162 கிலோ கூடிவிடும். கயிறு ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. நீண்டு போனால், பரப்பு 26 சதுர மீட்டராகி 4 சதவீதம் மகசூல் தானாகவே கூடும்.

கயிற்றின் மேல் நிற்கும் குத்துகளை உள்ளே சேர்ப்பதா, வெளியே விடுவதா என்ற குழப்பமும் சின்னத் திடலில்தான் அதிகம் பாதிக்கும். மிகச் சிறிய திடல்கள் மகசூலை மிகைப்படுத்திக் காட்டும் என்பதை 1940-களிலேயே பி.வி. சுகாத்மே போன்ற நம் நாட்டுப் புள்ளியியலாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வரப்பு ஓரத்துக் குத்துகளுக்கு வெயிலும் இடமும் அதிகம் என்பதால் அவை எப்போதும் செழிப்பாகவே இருக்கும். அவற்றை வைத்து ஏக்கர் மகசூலைக் கணக்கிடக் கூடாது.

ஈரப்பதம் இன்னொரு முக்கியமான விஷயம். 22 சதவீத ஈரத்தில் எடை போட்ட 100 கிலோ நெல், 17 சதவீதத்துக்குக் காய்ந்ததும் 94 கிலோதான் இருக்கும். ஒரு பட்டையைக் காலையில் பனி ஈரத்தோடும், மற்றொன்றைப் பிற்பகல் காய்ச்சலிலும் அறுத்து எடை போட்டால், மருந்தே இல்லாமல் சில சதவீத வித்தியாசம் வந்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் அறுத்து, தூற்றி, பதர் நீக்கி, ஒரே அளவுக்குக் காயவைத்து, ஒரே தராசில் எடை போட வேண்டும். மூட்டைக் கணக்கும் வேண்டாம். மூட்டையின் எடை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கிலோவில் எழுதி வைப்பதே நல்லது.

ஐந்து ஜோடிப் பட்டைகள்

இதைச் சொந்த வயலில் செய்து பார்க்கப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. சுமார் ஒன்றேகால் ஏக்கர் வயல், சில முளைக்குச்சிகள், ஒரு தராசு, ஒரு நோட்டு இருந்தால் போதும்.

வயலை ஒரே அகலமுள்ள பத்துப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் ஒரு ஜோடி. மொத்தம் ஐந்து ஜோடிகள். மேடு பள்ளம் இருந்தால், ஒரு ஜோடியின் இரண்டு பட்டைகளும் ஒரே மாதிரி மண்ணில் வரும்படி குச்சி நட வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பட்டைக்கு மருந்து என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். “இந்தப் பக்கம் பயிர் நல்லா இருக்கு, இதுல அடிப்போம்” என்று நினைத்தால் அங்கேயே பரிசோதனை கெட்டுவிடும்.

மருந்து தெளிக்காத பட்டைக்கு அதே நாளில் வெறும் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். உரம், களை, நீர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மண்ணில் இடும் பொருளாக இருந்தால், பாசன நீரோடு அடுத்த பட்டைக்குப் போகாமல் இருக்க நடுவில் வரப்பு போட வேண்டும். அறுவடையின்போது ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் ஒரு மீட்டர் விட்டுவிட்டு, நடுவில் சரியாக 10 சென்ட் அளந்து தனித்தனியாக அறுத்து எடை போட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட கணக்கு. பத்து சென்ட் பட்டையில் கிடைத்த நெல், கிலோவில்:

முதல் ஜோடி: தெளித்தது 248, தெளிக்காதது 230, வித்தியாசம் 18 கூடுதல்.
இரண்டாம் ஜோடி: 241, 238, வித்தியாசம் 3 கூடுதல்.
மூன்றாம் ஜோடி: 262, 250, வித்தியாசம் 12 கூடுதல்.
நான்காம் ஜோடி: 229, 234, வித்தியாசம் 5 குறைவு.
ஐந்தாம் ஜோடி: 245, 238, வித்தியாசம் 7 கூடுதல்.

தெளித்த பட்டைகளின் சராசரி 245 கிலோ. தெளிக்காதவை 238 கிலோ. வித்தியாசம் 7 கிலோ. ஏக்கருக்கு 70 கிலோ, அதாவது சுமார் 3 சதவீதம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விவசாயி முதல் ஜோடியை மட்டும் செய்து பார்த்திருந்தால் ஏக்கருக்கு 180 கிலோ கூடியது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். நான்காம் ஜோடியை மட்டும் பார்த்திருந்தால் மருந்தால் பயிர் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருப்பார். ஒரே வயல், ஒரே மருந்து, ஒரே பருவம். ஒற்றைப் பாத்தியை நம்பினால் இதுதான் நடக்கும்.

விடையை வாசிப்பது எப்படி?

முதலில் எளிமையான சோதனை. ஐந்து ஜோடியில் நான்கில் மருந்து ஜெயித்திருக்கிறது. மருந்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஜோடியும் பூவா தலையா போட்டதற்குச் சமம். நாணயத்தை ஐந்து முறை சுண்டினால் நான்கு முறையோ ஐந்து முறையோ தலை விழ 32-ல் 6 வாய்ப்பு உண்டு. இது ஒன்றும் அபூர்வம் இல்லை. ஐந்துமே தலை விழ 32-ல் ஒரு வாய்ப்புதான். ஆகவே ஐந்துக்கு ஐந்தும் ஜெயித்திருந்தால் நம்பிக்கை கூடும். நான்கு மட்டும் என்றால் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, 70 கிலோ என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற கணக்கு. ஐந்து வித்தியாசங்களுக்கும் ‘திட்ட விலக்கம்’ கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வித்தியாசமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் கணிப்பானில் ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும். இந்தக் கணக்கில் அது 8.75 கிலோ. ஐந்து ஜோடிகள் என்றால் அதை 1.24-ஆல் பெருக்க வேண்டும். 10.9 கிலோ வரும். சராசரியான 7 கிலோவிலிருந்து இதைக் கழித்தும், அதோடு கூட்டியும் பார்த்தால், 3.9 கிலோ நஷ்டம் முதல் 17.9 கிலோ லாபம் வரை ஓர் எல்லை கிடைக்கும். ஏக்கர் கணக்கில் சுமார் 40 கிலோ குறைவதிலிருந்து 180 கிலோ கூடுவது வரை. மருந்தின் உண்மையான பலன் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் எங்கோ இருக்கிறது. இதை ‘நம்பிக்கை இடைவெளி’ என்பார்கள்.

இந்த இடைவெளி மூன்று செய்திகளைச் சொல்கிறது.

முதல் செய்தி: எல்லைக்குள் பூஜ்யமும் இருக்கிறது. எனவே மருந்து வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது செய்தி: மருந்து வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 100 கிலோ, 150 கிலோ பலனும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. உறுதிப்படவில்லை என்பதும் பலனில்லை என்பதும் ஒன்றல்ல. படித்தவர்களும் இங்கேதான் அடிக்கடி தவறுகிறார்கள்.

மூன்றாவது செய்திதான் விவசாயிக்கு மிகவும் முக்கியம். பிரசுரம் சொன்ன 20 சதவீதம் என்பது இந்த வயலில் ஏக்கருக்கு 476 கிலோ. எல்லையின் உச்சியே 180 கிலோதான். ஆகவே மருந்துக்குச் சிறு பலன் இருக்கலாம். ஆனால் இந்த வயலில், இந்தப் பருவத்தில், 20 சதவீதம் என்ற பேச்சுக்கு இடமில்லை. சின்னப் பரிசோதனைதான் என்றாலும் பெரிய வாக்குறுதியைச் சோதிக்க இது போதும்.

இனி பணக் கணக்கு. பாட்டில் 900 ரூபாய், தெளிப்புக் கூலி 600 ரூபாய், ஆக ஏக்கருக்கு 1,500 ரூபாய் என்றும், நெல் கிலோ 24 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளலாம். 1,500-ஐ 24-ஆல் வகுத்தால் 62.5. ஏக்கருக்கு 63 கிலோ கூடினால்தான் போட்ட காசு திரும்பும். மழை, விலை, பூச்சி என்று எத்தனையோ அபாயங்கள் இருப்பதால், போடும் ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாயாவது திரும்பினால்தான் புதுச் செலவில் இறங்கலாம் என்பது உரப் பரிந்துரைகளில் பரவலாகப் பின்பற்றப்படும் வரையறை. அப்படிப் பார்த்தால் 125 கிலோ கூட வேண்டும். கிடைத்த 70 கிலோ சராசரி, போட்டதைத் திரும்ப எடுக்கும் அளவுக்குத்தான் வருகிறது. கடன் வாங்கிச் செய்யும் செலவாக இருந்தால் இதை நிறுத்தி வைப்பதே புத்திசாலித்தனம்.

இந்த ‘எத்தனை கிலோ கூடினால் கட்டும்’ என்ற கணக்கைப் பாட்டில் வாங்கும் முன்பே போட்டு வைத்துக்கொள்வது நல்லது. அறுவடைக்குப் பிறகு போட்டால், வந்த மகசூலுக்கு ஏற்ற மாதிரி மனது கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

இடைவெளியைச் சுருக்க வேண்டுமானால் ஜோடிகளைக் கூட்ட வேண்டும். இடைவெளி பாதியாக, ஏறக்குறைய நான்கு மடங்கு ஜோடிகள் தேவை. ஒருவரே இருபது ஜோடி செய்வது சிரமம். உழவர் உற்பத்தியாளர் குழுவில் நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு ஐந்து ஜோடி செய்தால், ஒரே பருவத்தில் இருபது ஜோடி கிடைத்துவிடும். எந்த மண்ணில் பலன் அதிகம், எதில் இல்லை என்பதும் கூடவே தெரியும்.

‘பெரிய விளைவு’ என்றால்?

ஆய்வுக் கட்டுரைகளில் விளைவின் அளவை வேறு விதமாகவும் சொல்வதுண்டு. கிடைத்த வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, 0.2 என்றால் சிறியது, 0.5 என்றால் நடுத்தரம், 0.8 என்றால் பெரியது என்பார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேக்கப் கோஹன் சொன்ன வரையறை இது. மனிதர்களின் மனப்பாங்கு போல, கிலோவிலோ ரூபாயிலோ அளக்க முடியாதவற்றுக்கு இது உதவும்.

வயலுக்கு இதை அப்படியே கொண்டுவந்தால் குழப்பம்தான். ஏக்கருக்கு 150 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மண் ஒரே சீராக இருக்கும் ஆராய்ச்சிப் பண்ணையில் பாத்திக்குப் பாத்தி விலக்கம் 100 கிலோ என்றால், விளைவு 1.5. அதாவது மிகப் பெரியது. மேடும் பள்ளமுமான ஊர் வயல்களில் விலக்கம் 300 கிலோ என்றால், அதே 150 கிலோ 0.5 ஆகி நடுத்தரமாகிவிடும். இரண்டு இடத்திலும் நெல் அதே 150 கிலோதான், பணமும் அதேதான். ஆகவே ‘பெரிய விளைவு’ என்று படித்தால், கிலோவில் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

‘பாதியாகக் குறையும்’ என்றால்?

பூச்சிமருந்துப் பிரசுரங்களில் சதவீதம் வேறு உருவத்தில் வரும். ‘தண்டுத் துளைப்பான் சேதம் 50 சதவீதம் குறையும்’ என்பார்கள். 100 தூர்களில் 20 தூர்களின் நடுக்குருத்து காய்ந்திருந்து, அது 10 ஆகக் குறைந்தாலும் 50 சதவீதம்தான். 4 தூர் 2 ஆகக் குறைந்தாலும் அதே 50 சதவீதம்தான். முதல் வயலில் நூற்றுக்கு 10 தூர்கள் தப்பின. இரண்டாவது வயலில் 2 தூர்கள் மட்டுமே.

நெல் தண்டுத் துளைப்பானுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதம் குருத்துக் காய்தல் என்பதும், பூக்கும் பருவத்தில் 2 சதவீதம் வெண்கதிர் என்பதும் பொருளாதாரச் சேத நிலைகளாகப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இளம் பயிரில் 4 சதவீதம் மட்டுமே சேதம் இருக்கும்போது மருந்து அதைப் பாதியாக்கினாலும் செலவு மிஞ்சாது. நன்மை செய்யும் சிலந்தியும் ஒட்டுண்ணிகளும் செத்துப் போவதுதான் மிச்சம். மருந்தின் திறனைச் சதவீதம் சொல்லலாம். தெளிக்க வேண்டுமா என்பதை வயலில் எண்ணிப் பார்த்த சேதம்தான் சொல்லும்.

சராசரிக்குள் மறைந்திருப்பது

எல்லா இடத்திலும் ஒரே அளவு பலன் தரும் இடுபொருள் எதுவும் கிடையாது. நெல்லுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்வார்கள். துத்தநாகம் குறைந்த மண்ணில் அதன் பலன் கண்ணாலேயே தெரியும். போதுமான அளவு உள்ள மண்ணில் ஒரு கிலோகூடக் கூடாமல் போகலாம். இரண்டு மண்ணையும் சேர்த்துச் சராசரி போட்டால், அந்த எண் இரண்டு விவசாயிக்குமே பொருந்தாது. மண் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான்.

உலக அளவிலும் இதே கதைதான். உழவில்லா விவசாயம் பற்றி 610 ஆய்வுகளிலிருந்து 5,463 ஒப்பீடுகளைத் திரட்டி, 2015-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 48 பயிர்கள், 63 நாடுகள். மொத்தச் சராசரியில், உழாமல் விட்டால் மகசூல் 5.7 சதவீதம் குறைந்தது. ஆனால் வறண்ட பகுதி மானாவாரியில், பயிர்க்கழிவால் மூடாக்கு போட்டு, பயிர் சுழற்சியும் செய்த இடங்களில் 7.3 சதவீதம் கூடியது. சராசரியை மட்டும் படித்தவர், தன் மானாவாரி நிலத்துக்கு நல்ல முறை ஒன்றைத் தள்ளிவிட்டிருப்பார்.

பருவத்துக்குப் பருவமும் அளவு மாறும். இந்தியாவில் பி.டி. பருத்தியின் 2001-ம் ஆண்டு வயல் பரிசோதனைகளில் 80 சதவீதம் மகசூல் கூடியதாக 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. அது காய்ப்புழுத் தாக்குதல் கடுமையாக இருந்த வருடம். பிறகு தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 2002 முதல் 2008 வரை விவசாயிகளிடம் திரட்டிய கணக்கின்படி, 2012-ல் வந்த ஆய்வு 24 சதவீதம் என்றது. பின்னாளில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத் திறன் பெற்றதும் கணக்கு மறுபடியும் மாறியது. புழுவிடமிருந்து காக்கும் தொழில்நுட்பத்தின் பலன், புழு எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தே இருக்கும். ஒரு வருட எண்ணை எல்லா வருடத்துக்கும் நீட்டக் கூடாது.

கடையில் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எதோடு ஒப்பிட்டுச் சொல்லும் சதவீதம் இது? பக்கத்திலேயே தெளிக்காத பாத்தி இருந்ததா?

2. ஏக்கருக்கு எத்தனை கிலோ? அடிப்படை மகசூல் எவ்வளவு?

3. எத்தனை இடங்களில், எத்தனை பருவங்களில், எத்தனை முறை திரும்பச் செய்து பார்த்தது?

4. சி.டி. அல்லது நம்பிக்கை இடைவெளி எவ்வளவு? மிகக் குறைந்த பலன் கிடைத்த இடத்தில் எவ்வளவு கிடைத்தது?

5. அந்த மண்ணும் பாசனமும் ரகமும் நம் வயலைப் போன்றவையா?

6. கூலியும் சேர்த்து ஆகும் செலவு திரும்ப எத்தனை கிலோ கூட வேண்டும்?

இந்த ஆறுக்கும் பதில் சொல்லும் பொருளாக இருந்தால் வாங்கிப் பார்க்கலாம். பதில் இல்லையென்றால், முழு வயலுக்கும் வாங்காமல் ஐந்து பட்டைக்கு மட்டும் வாங்கலாம். மீதி ஐந்து பட்டைகளில் தண்ணீர் தெளித்து, தை மாதம் தராசில் ஏற்றினால், அந்த வயலுக்கான பதில் விவசாயியின் நோட்டிலேயே இருக்கும். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் புதுப் பிரசுரம் வரும்போது எடுத்துப் பார்க்க அது உதவும்.